காகம் கொண்டுபோன சவர்க்காரம்

போன கிழமை கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாளியைத் துழாவினேன். தண்ணீரை அள்ளி ஊற்றிக் கண்ணைத் திறந்தபோது கிணற்றுக்கட்டில் வைத்த சவர்க்காரத்தைக் காணவில்லை. மதிலில் ஒரு காகம் இருந்தது. அதன் வாயில் இளஞ்சிவப்பாக ஒரு கட்டி. நான் கத்திய பிறகும் அது உடனே பறக்கவில்லை. என் கையில் கல் இருக்கிறதா என்று தலையைச் சரித்துப் பார்த்தது. இல்லை என்று தெரிந்ததும் சவர்க்காரத்தை மதிலில் வைத்து, வழுக்காத பக்கமாகப் பார்த்து மறுபடி கவ்விக்கொண்டு, அவசரமே இல்லாமல் முருங்கைக்குப் போனது.

"வேறொன்று வாங்கலாம்தானே அப்பா" என்றாள் மகள். வாங்கலாம்தான். சந்திக் கடையில் எத்தனையோ நிறத்தில், எத்தனையோ வாசனையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் காகம் சவர்க்காரத்தைக் கொண்டுபோனால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

1990இல் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெயில் திரி எரிய, அந்த வெளிச்சத்தில் படித்தோம். கொழும்பில் ஒரு விலை, இங்கே பத்து விலை என்று விற்ற பொருட்களில் சவர்க்காரமும் ஒன்று. பனம்பழக் காலத்தில் பனங்களியைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தார்கள். அழுக்குப் போகும், வாசம் போகாது. கொடியில் காயப்போட்ட சட்டையை மாடு வந்து சப்பிவிட்டுப் போகும். அப்படிப்பட்ட காலத்தில் அம்மம்மாவுக்கு எங்கிருந்தோ ஒரு முழு சன்லைட் கட்டி கிடைத்தது. அதை நூலால் ஆறு துண்டாக அறுத்து, ஐந்தைச் சுண்டுப்பெட்டிக்குள் ஒளித்துவைத்து, ஒன்றை மட்டும் கிணற்றடிக்கு விட்டார். குளிப்பவர் கையோடு கொண்டுபோய்க் கையோடு கொண்டுவர வேண்டும்.

1993இல் ஒரு நாள் நான் கொண்டுபோனேன். கையோடு கொண்டுவரவில்லை.

காகத்தைத் துரத்திக்கொண்டு ஒழுங்கை முழுக்க ஓடினோம். நான், சின்னம்மாவின் மகன், நாய், பின்னால் அகப்பையோடு அம்மம்மா. "சனியன், சனியன்" என்று அவர் திட்டியது சனீஸ்வரனின் வாகனத்துக்குப் பொருத்தமான வசைதான் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. காகம் பக்கத்து வளவுப் பனையில் ஏறி எங்களைப் பார்த்தது. அதன் இடது காலில் ஒரு விரல் இல்லை. மொட்டைவிரலன் என்று அம்மம்மா அதற்குப் பெயர் வைத்தது அன்றுதான். அடுத்த இரண்டு வருடம் எங்கள் வீட்டில் காணாமல்போன எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு, நான் தொலைத்த பேனைமூடி உட்பட.

சவர்க்காரத்தைக் காகம் விளையாட்டுக்குத் தூக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தின்கிறது. சவர்க்காரம் கொழுப்பிலும் எண்ணெயிலும் செய்யப்படுவது. காகத்தின் கணக்கில் அது இறைச்சிக் கொழுப்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம். தாவரக் கொழுப்பில் செய்த மெழுகுதிரியும் அப்படித்தான். ஜப்பானில் கியோட்டோ நகரத்து ஃபுஷிமி இனாரி கோயிலில் எரிகிற மெழுகுதிரியையே காகங்கள் தூக்கிக்கொண்டுபோய்ச் சருகுக்குள் ஒளிக்க, தீப்பற்றிய சம்பவங்களை அந்த நாட்டு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் மெழுகுதிரி கிடைக்காததும் ஒருவகையில் நல்லதுதான்.

தின்றது போக மிச்சத்தை ஒளித்துவைப்பது காகத்தின் குணம். ஓட்டு இடுக்கு, பனை மட்டையின் அடி, கூரைத் தண்ணீர் ஓடும் பீலி, எங்கேயும் வைக்கும். வைக்கும் முன் சுற்றிப் பார்க்கும். இன்னொரு காகம் பார்த்துவிட்டால் எடுத்து வேறிடத்தில் வைக்கும். காகக் குடும்பத்தின் பெரிய உருப்படியான, அண்டங்காக்கையை ஒத்த ரேவன் பறவைகளை வைத்து வியன்னாவில் ஒரு சோதனை செய்து 2016இல் வெளியிட்டார்கள். பக்கத்து அறையில் வேறொரு ரேவனின் சத்தம் கேட்கிறது, ஆளைக் காணவில்லை. சுவரில் இருந்த சின்னத் துளை திறந்திருந்தால் மட்டும், யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தோடு அவை உணவை ஒளித்தன. பார்க்கப்படுகிறோம் என்பதைக் காணாமலே ஊகிக்கிற மூளை. வேலிப் பொட்டுக்குள்ளால் அயலவர் பார்ப்பதை ஊகிக்கிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இது புதுமையாக இருக்காது.

வேப்பம்பூ வடகம் காயப்போடும் நாட்களில் காவல் என் வேலை. சுளகில் வடகம், பக்கத்தில் நான், கையில் தடி, மடியில் புத்தகம். புத்தகத்தில் கண் போனால் காகம் ஒரு கொப்பு கீழே இறங்கும். நிமிர்ந்தால் வேறெங்கோ பார்க்கும். மறுபடி குனிந்தால் இன்னொரு கொப்பு. தடியை எடுத்தால் பறக்கும், ஆனால் தடியின் நீளம் எட்டாத இடம் வரைக்கும் மட்டும். நான் வாசிப்பதுபோல நடித்து ஏமாற்றப் பார்த்தேன். தாள் புரளாததைக் கவனித்ததோ என்னவோ, அது வரவேயில்லை. இதை நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வடகத்துக்குக் காவலிருந்து பார்க்கலாம்.

நாய்க்குச் சோறு வைத்தால் இரண்டு காகங்கள் வரும். ஒன்று பின்னால் போய் வாலைப் பிடித்து இழுக்கும். நாய் திரும்பிக் குரைக்கிற நேரத்தில் மற்றது முன்னால் கவ்வும். பிறகு ஆள் மாறும். காய்ந்து கல்லான பாண் துண்டைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, ஊறும்வரை காத்திருந்து தின்னும். இதெல்லாம் சரி. மீன்தலையையும் எலும்பையும் கிணற்றுக்குள் போடுவதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதற்காகவே ஊரில் பாதிக் கிணறுகள் வலை போட்டு மூடியிருக்கின்றன. ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டு மாமி சாணி தெளித்து, கோலம் போட்டு, தோய்ந்து, தேவாரம் பாடிக்கொண்டிருந்த முற்றத்தில், மேலேயிருந்து ஒரு சூடைமீன் விழுந்தது. மச்சம் விழுந்த முற்றத்தை அவர் மறுபடி கழுவி முடிக்கும்வரை காகம் மரத்தில் பொறுமையாக இருந்தது. மீனைத் திருப்பித் தரமாட்டார்களா என்று பார்த்திருக்கும்.

சின்ன வகுப்பில் பானைக்குள் கல்லைப் போட்டுத் தண்ணீர் குடித்த காகத்தின் கதையைப் படித்தோம். அது கதைதானே என்று வளர்ந்த பிறகு ஒதுக்கிவிட்டோம். 2009இல் இங்கிலாந்தில், காகக் குடும்பத்தைச் சேர்ந்த ரூக் பறவைகளுக்கு முன்னால் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, அதில் புழுவை மிதக்கவிட்டு, பக்கத்தில் கற்களை வைத்தார்கள். அவை கல்லைப் போட்டுத் தண்ணீரை உயர்த்திப் புழுவை எடுத்தன. பெரிய கல் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பதையும் பிடித்துக்கொண்டன. அதற்கு முன்பே, 2002இல், ஒக்ஸ்ஃபோர்ட்டில் பெற்றி என்ற நியூ கலிடோனியக் காகம் நேரான கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, குழாய்க்குள்ளிருந்த சிறு வாளியைத் தூக்கி எடுத்திருந்தது. உலகமே வாயைப் பிளந்தது. அந்த இனம் காட்டிலும் குச்சியை வளைக்கும் என்பது பிறகு தெரியவந்ததால் பெற்றியின் புகழ் கொஞ்சம் குறைந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டில் தெரிந்த வித்தையைக் கம்பியில் செய்வதற்கும் மூளை வேண்டும்தானே.

இந்த ஆய்வுகள் எதுவும் எங்கள் முற்றத்துக் காகத்தை வைத்து நடந்தவை அல்ல. சாம்பல் கழுத்துள்ள இந்த வீட்டுக் காகத்தைப் பிடித்து ஆய்வுகூடத்தில் உட்கார வைக்கும் எண்ணம் அதிகம் பேருக்கு வரவில்லை. எங்கும் கிடைப்பதாலோ என்னவோ, மதிப்பில்லை.

ஒரேயொரு ஆய்வு மட்டும் எங்கள் ஒழுங்கையில் நடந்ததுபோலவே இருக்கிறது. நாலு வீடு தள்ளி ஒரு மாமா இருந்தார். புளியமரக் கொப்பு கூரையில் முட்டுகிறது என்று வெட்டினார். வெட்டிய கொப்பில் கூடு இருந்தது. குஞ்சுகள் விழுந்து செத்தன. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் படலையைத் திறந்தால் காகங்கள் இறங்கித் தலையில் கொத்தின. சைக்கிளில் போனால் சந்திவரைக்கும் துரத்தின. உச்சி வெயிலிலும் குடையோடு போனார். வேட்டியை விட்டுக் காற்சட்டை போட்டுப் பார்த்தார். தம்பியாரின் சட்டையைப் போட்டுப் பார்த்தார். கடைசியில் மீசையை வழித்தார். மீசை போனதில் மாமிக்குத்தான் அடையாளம் தெரியவில்லை, காகத்துக்குத் தெரிந்தது. கூடவே வந்த தம்பியாரை ஒரு காகமும் தொடவில்லை.

சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜோன் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியரும் குழுவினரும் 2006இல் குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார்கள். அதன் பிறகு அந்த முகமூடியோடு வளாகத்தில் சும்மா நடந்தாலே காகங்கள் சூழ்ந்து கத்தின. யார் போட்டாலும் கத்தின. அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த டிக் செனியின் முகமூடி போட்டு நடந்தபோது கண்டுகொள்ளவில்லை. சட்டையை, நடையை, உயரத்தை விட்டு முகத்தைத்தான் பார்க்கின்றன என்பது முடிவு. அதைவிடப் பெரிய விஷயம், வருடங்கள் போகப் போகக் கத்துகிற காகங்களின் தொகை கூடியது. ஒருநாளும் பிடிபடாத காகங்கள், தாய் தகப்பனிடமும் அயலிலும் கற்றுக்கொண்டு கத்தின. எங்கள் மாமாவைக் கொத்திய காகங்களில் எத்தனை அந்தக் கூட்டைக் கண்டவை என்று இப்போது யோசிக்கிறேன். அவர் கனடா போய்ச் சேரும்வரை குடையை விடவில்லை.

மின்கம்பத்தில் அடிபட்டு ஒரு காகம் விழுந்தால் சுற்றுவட்டாரக் காகம் எல்லாம் கூடிவிடும். அதை நாங்கள் காகத்தின் செத்தவீடு என்போம். அழுகைக்காகக் கூடுகின்றனவா, ஆபத்து எங்கேயிருந்து வந்தது என்று அறியக் கூடுகின்றனவா? செத்த காகத்தைக் கையில் வைத்திருந்த ஆளின் முகத்தையும் அவை மறக்கவில்லை என்று அதே சியாட்டில் ஆய்வாளர்கள் பிறகு கண்டார்கள். ஆகவே, பாதி விசாரணை. எங்கள் செத்தவீடுகளிலும் அது உண்டு.

இனிப் புரட்டாதிச் சனிக்கு வருகிறேன். காகத்தின் மகிமையை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம் யாழ்ப்பாணத்துக்கு வர வேண்டும். காலையில் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து, விரதக்காரர் வெறும் வயிற்றோடு இருப்பார். சமைத்ததில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்து, காகம் வந்து தொட்ட பிறகுதான் சாப்பாடு. ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் இலை விழுகிறது. அன்றைக்கு ஒழுங்கை நீளத்துக்கும் மனிதர்கள்தான் "கா, கா" என்று கரைவார்கள். காகம் கேட்டுக்கொண்டிருக்கும். ஆறு நாளும் கல்லெறிந்து துரத்திய அதே கை, ஏழாம் நாள் நெய்யும் பருப்பும் பிசைந்து நீட்டுகிறது. பன்னிரண்டு மணிக்கு வரும் காகம் ஒரு மணிக்கு வராது. வந்தாலும் பப்படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பூசணிக்காயைக் காலால் தள்ளிவிட்டுப் போகும். அப்பா பசி தாங்காதவர். ஒருமுறை இரண்டு மணிவரை காத்திருந்து, "தொட்டது தொட்டதுதான், நான் கண்டேன்" என்று அறிவித்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் ஒருவரும் காணவில்லை. ஒருவரும் மறுக்கவுமில்லை.

"காக்கை கரவா கரைந்துண்ணும்" என்கிறது குறள். ஒளிக்காமல் சுற்றத்தைக் கூப்பிட்டு உண்ணும் என்று பொருள். வள்ளுவரோடு எனக்கு இதில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. இலை நிறையச் சோறு கண்டால் காகம் கரைகிறது, உண்மை. சவர்க்காரத்தைக் கொண்டுபோன காகம் ஒரு சத்தமும் போடவில்லை. பங்கிட்டாலும் குறையாததைக் கூப்பிட்டு உண்ணும், குறைவதை ஒளித்துத் தின்னும். அம்மம்மாவின் சுண்டுப்பெட்டியும் அதே விதியில்தான் இயங்கியது.

இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தையும் குயில் ஒரே வருகையில் கவிழ்த்துவிடும். கறுத்த ஆண்குயில் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து கூவிக் காகங்களைத் துரத்தவைக்கும். அந்த இடைவெளியில் புள்ளி போட்ட பெண்குயில் முட்டையிட்டுவிட்டுப் போகும். குயில் குஞ்சு இரண்டு மூன்று நாள் முந்திப் பொரித்துவிடும். மனித முகத்தை மறக்காத காகம், வாயைத் திறந்து கேட்கிற குஞ்சின் முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொரு கதையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலாயாவில் கிள்ளான் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் மயிர்க்கொட்டித் தொல்லை. அதைத் தின்னவென்று இலங்கையிலிருந்து காகங்களைக் கப்பலில் கொண்டுபோய் விட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகக் கப்பலேறினார்கள். அப்பாவின் பெரியப்பா அப்படிப் போனவர். கோப்பி அழிந்து ரப்பர் வந்தது. காகம் அங்கேயே தங்கிப் பெருகியது. பெரியப்பா பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டினார். பிற்காலத்தில் காகம் கூடிவிட்டது என்று கிள்ளானில் ஆள் வைத்துச் சுட்டார்கள். 1994இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்திலும் எங்கள் வீட்டுக் காகம் காணப்பட்டது. கப்பலில் போயிருக்கும் என்கிறார்கள். எங்கள் பொடியன்கள் ஏஜென்சிக்குக் காணி ஈடுவைத்துக் காசு கட்டி ஐரோப்பா போய்க்கொண்டிருந்த அதே வருடங்கள். காகம் ஒரு சதமும் கொடுக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு நாங்களும் கிளம்பினோம். சண்டை நெருங்கியதால் யாழ்ப்பாண நகரும் சுற்றுப்புறமுமான வலிகாமமே கிளம்பியது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க நேரம் எடுத்தது. அதைப் பற்றி வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறேன், இங்கே வேண்டாம். பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில் ஒரு வளவில் கிடுகுக் கொட்டில் போட்டு ஆறு மாதம் இருந்தோம். மாசியில் அம்மப்பாவின் திவசம் வந்தது. அம்மம்மா இரவல் சட்டியில் சமைத்து, பூவரச இலையில் சோறு வைத்துக் கூப்பிட்டார். அங்கே காகத்துக்குக் குறைவில்லை. ஐந்தாறு பாய்ந்து வந்து சோற்றை முடித்தன. அம்மம்மா கையைக் கழுவவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவை எங்கள் காகங்கள் இல்லை" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

1996 வைகாசியில் வீடு திரும்பினோம். கதவுகள் இல்லை. கிணற்றுக்குள் என்னவெல்லாமோ கிடந்தது. ஷெல் விழுந்து குசினிப் பக்க ஓடு நொறுங்கியிருந்தது. மழைக்கு முன் கூரையைச் சரிசெய்ய வேண்டுமென்று அப்பா ஏணி வைத்து ஏறினார். பீலி முழுக்கச் சருகு. கையால் அள்ளிக் கீழே எறிந்தார். சருகோடு கோழி எலும்பும், கட்டுக்கம்பித் துண்டுகளும், என்னுடைய பேனைமூடியும் விழுந்தன. கடைசியில் கல்போல ஒன்று விழுந்தது. மஞ்சள் வெளுத்து, வெடித்து, ஒரு பக்கம் முழுக்கக் கொத்திய தடம். நூலால் அறுத்த பக்கம் மட்டும் இன்னும் நேராக இருந்தது.

அம்மம்மா அதை எடுத்துச் சீலைத் தலைப்பில் துடைத்தார். மணந்து பார்த்தார். நாங்கள் சிரித்தோம், வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கொத்திய பக்கத்தைக் கத்தியால் மெல்லச் சீவிவிட்டு, அள்ளிவைத்த தண்ணீரில் நனைத்து, அப்பாவின் சட்டையை எடுத்துத் தோய்க்கத் தொடங்கினார். நுரை வந்தது.

"காகம் கொத்தினதை..." என்று அம்மா இழுத்தார்.

"ஏன் பிள்ளை, காகத்துக்கு வைத்துவிட்டுத்தானே எப்போதும் சாப்பிடுகிறோம்" என்றார் அம்மம்மா.

தோய்த்து முடித்து, மிச்சத்தைக் கிணற்றுக்கட்டில் வைத்து, சிரட்டையால் மூடி, சிரட்டைக்கு மேல் ஒரு கல்லையும் வைத்தார். துலாவின் நுனியில் ஒரு காகம் வந்து இருந்தது. அதன் காலை நான் எட்டிப் பார்த்தேன். வெயில் கண்ணில் அடித்தது. விரல்களை எண்ண முடியவில்லை. அது எங்களைப் பார்க்கவில்லை. கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.